பூசணிக்காய் தேடிய விமானம்

ஆயுத பூஜையன்று காலை ஏழு மணிக்கு சேலம் பேருந்து நிலையத்தில் ஓர் ஆள் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். நாங்கள் மூன்று பேர். எங்களோடு ஒரு மரப்பெட்டியும், போர்வை சுற்றிய ஏழடி நீள இறக்கையும் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. பெங்களூர் பஸ்ஸின் முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்குக் கனமான மாலை போட்டிருந்தார்கள். டிரைவருக்குச் சாலை தெரிய ஒரு சாண் இடம் மிச்சம் வைத்திருந்தது அவர்களின் பெருந்தன்மை.

கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏம்ப்பா, நல்ல நாள் அதுவுமா பாடை மாதிரி எதையோ தூக்கிட்டு வர்றீங்க?"

"விமானங்க" என்றான் குமரேசன்.

"விமானத்துக்கு எதுக்குப்பா பஸ்ஸு? பறந்து போக வேண்டியதுதான?"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஆளுக்கு நாற்பத்திரண்டு ரூபாய், இறக்கைக்கு லக்கேஜ் பத்து ரூபாய். பெட்டியும் இறக்கையும் மேலே ஏறின. நாங்கள் உள்ளே நசுங்கினோம்.

குமரேசனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் அவன் முகத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சைத் தொடும் தாடி. எங்கள் பொறியியல் கல்லூரி அணிக்கு அவன்தான் தலைவன், கடைசி வருடம், சொந்த ஊர் ஊத்தங்கரை. மனிதக் கை படாமல் தானாகவே பறக்கும் யந்திரங்களுக்கான மாணவர் போட்டி பெங்களூரில் நடக்கும். போன வருடம் அங்கே எங்கள் யந்திரம் தரையை விட்டு எழும்பவே இல்லை. கிழட்டு ஆடு மாதிரி இருமிவிட்டு உட்கார்ந்துகொண்டது. மைக்கில் ஒருவர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் குமரேசனைக் கொன்றுவிட்டது. விடுதிக்குத் திரும்பி, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கேட்கச் சபதம் செய்தான். "நம்ம மெஷின் பெங்களூர் மைதானத்துல தானாப் பறந்து தானா எறங்கணும். அதுவரைக்கும் என் மூஞ்சில கத்தி படாது."

அது ஒரு வேகத்தில் சொன்னது. ஆனால் வருகிற ஐப்பசியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே, "பையனுக்கு என்னங்க, ஏதாச்சும் பொண்ணு கிண்ணு..." என்று இழுத்துக் கேட்டுவிட்டார்களாம். அம்மா விடுதிக்கே வந்து அழுதுவிட்டுப் போனார். "யாரோ ஒருத்தி ஏமாத்திட்டான்னாகூட ஊருக்குச் சொல்லிக்கலாம்டா. ஏரோப்ளேன் பறக்கலன்னு எப்படிடா சொல்றது?" இந்த வருடமும் பறக்காவிட்டால் அவனுக்கு அடுத்த வருடம் கல்லூரியும் இல்லை, போட்டியும் இல்லை. மணமேடைக்குப் பக்கத்தில் தாடியோடு நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது ஆள் ஜெயந்தி. யந்திரத்தின் கண் அவள் செய்தது. பிலிம் ரோல் வருகிற சின்ன டப்பாவுக்குள் வெளிச்சத்தை உணரும் சில்லுகளைப் பதித்து, முன்னால் ஒரு வட்டக் கண்ணாடி ஒட்டி, அதை யந்திரத்தின் மூக்குக்கு அடியில் தரையைப் பார்க்கும்படி வைத்திருந்தாள். மூளை ஒரு டிபன் பாக்ஸுக்குள் இருந்தது. அதற்கு வேண்டிய கட்டளைகளை எழுதியவன் நான். கட்டளைகள் எளிமையானவை. கையால் எறிந்துவிட்ட பிறகு இடதுபக்கமாக வட்டமடி. கீழே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அதை நோக்கிப் போய், வயிற்றில் இருக்கும் மணல் பையைப் போடு. மறுபடி வெள்ளை தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கு. மைதானத்தில் சுண்ணாம்பு வட்டம் ஒன்று போட்டிருப்பார்கள். பை அதற்குள் விழ வேண்டும். எஞ்சின், பழைய இரும்புக் கடையில் கிடந்த மருந்தடிக்கும் மெஷினிலிருந்து கழற்றியது. ஓடும்போது இன்னும் பூச்சிமருந்து வாடை வரும்.

தர்மபுரி தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, பதினோரு மணிவாக்கில் குருபரப்பள்ளியில் டீக்கு நிறுத்தினார்கள். சாலையோரம் வரிசையாக லாரிகள். குளித்து, சந்தனம் பூசி, மாப்பிள்ளை மாதிரி நின்றன. டிரைவர்கள் ஆளுக்கொரு வெள்ளைப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் சுற்றி ரோட்டில் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சதையும் குங்குமமும் தாரில் சிதறிக் கிடந்தன. நான் அதை வேடிக்கை பார்த்தபடி வடையைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ஓசூருக்குப் போகும் இரண்டு மூட்டைப் பூசணிக்காய்கள் எங்கள் பஸ்ஸின் மேலே ஏறின. எங்கே வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. வடை சூடாக இருந்தது.

ஓசூரில் மூட்டைகளை இறக்கும்போதுதான் ஜெயந்தி அலறினாள். பெட்டி மூடி உடைந்திருந்தது. இறக்கைக்கு ஒன்றுமில்லை, கண்ணுக்கு ஒன்றுமில்லை, டிபன் பாக்ஸும் பிழைத்துக்கொண்டது. எஞ்சினோடு விசிறியை இணைக்கும் விரல் நீளத் தண்டு மட்டும் வளைந்து கேள்விக்குறியாகி இருந்தது. அது இல்லாமல் விசிறி சுற்றாது. போட்டி மறுநாள் மதியம். குமரேசன் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டு தாடியைத் தடவினான்.

"லேத்து பட்டறை ஒண்ணு கிடைச்சா அரை மணி நேர வேலை. இது ஓசூருடா, இங்க தடுக்கி விழுந்தா லேத்து" என்றேன் நான். பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டோம்.

நான் சொன்னது பொய்யில்லை. ஓசூர் அப்படிப்பட்ட ஊர்தான். பேச்சு தமிழில் தொடங்கி, தெலுங்கில் திரும்பி, கன்னடத்தில் முடியும். நடுவில் ஷிப்ட், ஓவர்டைம், ஸ்கிராப் என்று இங்கிலீஷ் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டறைகள். ஆனால் அன்று எல்லா ஷட்டரிலும் மாவிலை தொங்கியது. உள்ளே எல்லா லேத்தும் கழுவித் துடைத்து, திருநீற்றுப் பட்டையோடு ஓய்வாக நின்றன. ஒரு பட்டறையில் "நாளைக்கு வாங்க" என்றார்கள். அடுத்ததில் பேச்சே இல்லை, ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலையைக் கையில் திணித்தார்கள். ஆறேழு பட்டறை ஏறி இறங்கியதில் எங்கள் கைவசம் இருந்த பொரிக்கு ஒரு சின்னக் கடையே வைத்திருக்கலாம்.

கடைசியில் ஒரு வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட ரஹீம் பாய் நின்று பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரிக்காரர். குடும்பமே மாம்பழ வியாபாரம், இவர் மட்டும் இரும்புக்கு வந்துவிட்டவர். அவரைப் பார்த்ததும் குமரேசன் முகம் பிரகாசமானது. பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாய், எல்லாரும் பூஜை போட்டாச்சு, தொட மாட்டோம்ங்கறாங்க. உங்களுக்கு அந்தத் தடையெல்லாம் இல்லைங்களே. ஒரு தண்டு மட்டும்..."

பாய் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாலு லேத்து. நாலிலும் சந்தனம், குங்குமம், சாமந்தி. பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டருக்கும் பொட்டு.

"நான் முஸ்லிம்தான் தம்பி. லேத்து இன்னைக்கு அப்படி இல்லையே?" என்றார். "அரை மணி முன்னாடி வந்திருந்தா முடிச்சுக் குடுத்திருப்பேன். இப்ப பூஜை ஆயிடுச்சு. நான் தொட்டேன்னு வெச்சுக்க, நாளைக்கு முனியப்பா தொட மாட்டான். முனியப்பா தொடலைன்னா நான் மறுபடி மாம்பழம் விக்கப் போக வேண்டியதுதான்."

முனியப்பா அங்கே லேத்து ஓட்டுபவர். தேன்கனிக்கோட்டைப் பக்கம், ஐம்பது வயது, புதுச்சட்டை. ஒரு மூலையில் உட்கார்ந்து பொரியை மேலே எறிந்து எறிந்து வாயால் பிடித்துக்கொண்டிருந்தார். வளைந்த தண்டைக் காட்டினோம். பெட்டியையும் திறந்து காட்டினோம். அவர் கண்கள் விரிந்தன.

"ஏரோப்ளேனா?"

"ஆமாங்கண்ணா. தானாவே பறக்கும்."

"சாமி, விஜயதசமிக்கு மொதல் வேல என்னா செய்யறதுன்னு காலையிலருந்து ரோசன பண்ணிட்டுக் கீறேன். வருசா வருசம் ஒரு போல்ட்டு. வருசா வருசம் போல்ட்டு! இந்த வாட்டி ஏரோப்ளேனுக்குச் சாமான்!" எழுந்து நின்றுவிட்டார். "பாய், நாளைக்கு திங்கக்கெழம. ஏழரைக்கு ராகு காலம். அதுக்கு முந்தியே தொறந்து ஓட்டிடறேன்."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் முனியப்பா ஒரு நிபந்தனை போட்டார். பூஜையில் வைக்காத மெஷினுக்கு எப்படி விஜயதசமி வேலை செய்வது? விமானமும் இன்று பூஜையில் இருந்தாக வேண்டும். நியாயம்தான். யந்திரத்தைப் பாகம் பாகமாக மாட்டி இரண்டாவது லேத்துக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் வைத்தோம். முனியப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். இறக்கைக்கு மூன்று பொட்டு, வாலுக்கு ஒன்று, டிபன் பாக்ஸுக்கு ஒன்று. மூக்குப் பக்கம் குனிந்தபோது ஜெயந்தி குறுக்கே புகுந்தாள்.

"அண்ணா, அது கண்ணு. அதுல மட்டும் வைக்காதீங்க. சந்தனம் பட்டா குருடாயிடும்."

"மனுசனுக்கே கண்ணுல வெக்க மாட்டோம் பாப்பா. நெத்தியிலதான்" என்று மூக்குக்கு மேல் வைத்தார். அப்படியும் ஜெயந்திக்கு நம்பிக்கை இல்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் பஞ்சால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கைக்குட்டையால் மூடிக் கட்டினாள்.

சாயங்காலம் தொழிற்பேட்டைச் சாலைகளில் காலாற நடந்தோம். சேலத்தில் அந்த நேரத்துக்கு வியர்த்துக் கொட்டும், இங்கே காற்று சில்லென்று இருந்தது. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் உடைந்த பூசணிக்காய். பெரிய கம்பெனிக்குப் பெரிய பூசணிக்காய். எங்கள் தண்டை வளைத்த மூட்டையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்று ஒவ்வொன்றையும் நான் விரோதத்தோடு பார்த்தேன். இரவு பாய் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. லேத்துகளுக்கு நடுவில் அட்டைப்பெட்டி விரித்துத் தூங்கினோம். ஜெயந்தியைப் பாயின் மனைவி வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

காலையில் சொன்னபடி ராகு காலத்துக்கு முன்னால் முனியப்பா லேத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஓட்டினார். தண்டு பளபளவென்று வந்தது. மாட்டிப் பார்த்தோம், பொருந்தியது. "ஒரு தடவை பறக்கவிட்டுப் பாத்துடலாம்" என்றான் குமரேசன். "ஒம்போது ஆகட்டும் சாமி" என்றார் முனியப்பா. ஒன்பது வரை குமரேசன் நடந்த நடையில் பெங்களூருக்கே போய்ச் சேர்ந்திருப்பான்.

பட்டறைக்குப் பின்னால் பொட்டல் நிலம், அதைத் தாண்டினால் கம்பெனிச் சாலை. எஞ்சின் பிடித்தது. பூச்சிமருந்து வாடை வந்தது. குமரேசன் ஓடிப்போய்க் காற்றில் எறிந்தான். யந்திரம் ஒரு முறை தள்ளாடி, நிமிர்ந்து, எழும்பியது. எழும்பியேவிட்டது! இடதுபக்கம் வட்டமடித்தது. ஒரு வருட உழைப்பு தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகிறது, அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை என் வாழ்வில் பிறகு இரண்டொரு முறைதான் அனுபவித்திருக்கிறேன்.

அப்போது யந்திரம் திடீரென்று வட்டத்தை விட்டு விலகி, சாலையை நோக்கித் திரும்பியது.

"எங்கடா போகுது?" என்றான் குமரேசன்.

"வெள்ளையப் பாத்திருக்கு" என்றேன்.

"இங்க ஏதுடா வெள்ளை?"

ஜெயந்திதான் முதலில் கண்டுபிடித்தாள். "பூசணிக்காய்! அது பூசணிக்காயைத் தேடிப் போகுது!"

ஓடினோம். ஒரு பெரிய கம்பெனி வாசலில் பெரிய பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து மல்லாந்து கிடந்தது. யந்திரம் அதற்கு நேர் மேலே போய், குறி தப்பாமல் மணல் பையைப் போட்டது. பை சொத்தென்று விழுந்து பூசணிச் சதை வாட்ச்மேனின் சட்டையில் தெறித்தது. அவர் திருநெல்வேலிக்காரர்.

"எவம்லே அது, மேலருந்து மண்ணள்ளிப் போடுதது?"

எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். யந்திரம் அடுத்த கம்பெனி வாசலை அடைந்து, அங்கிருந்த பூசணிக்காயைப் பார்த்து, என் கட்டளைப்படி எஞ்சினை அணைத்தது. அப்படியே சரிந்து, காலியான சாலையில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. தானாகப் பறந்து தானாக இறங்கிவிட்டது. பாய் கைதட்டினார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். குமரேசன் வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவர் திமிறினார்.

"குமரேசா, இப்பவே ஷேவ் பண்ணிக்கோ" என்றாள் ஜெயந்தி.

"பெங்களூர் மைதானம்னு சொல்லிருக்கேன். ஓசூர்ல பறந்தது கணக்கில வராது." தாடிக்குள் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

புறப்படும்போது முனியப்பா ஓடி வந்தார். கையில் தட்டு. "ஊரே பாத்துடுச்சு சாமி. கண்ணு பட்டுடும். ஒரு நிமிசம்." ஜெயந்தி சட்டென்று போய் யந்திரத்தின் பக்கத்தில் நின்றாள், பொட்டு எதுவும் வைத்துவிடக் கூடாதே என்று. அவர் பொட்டு வைக்கவில்லை. இரண்டு கட்டிக் கற்பூரம் ஏற்றி, யந்திரத்தின் மூக்குக்கு அடியில் நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு தட்டைக் கொஞ்ச நேரம் அங்கேயே ஆடாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் தெலுங்கில் வேண்டிக்கொண்டார். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டோம். ஜெயந்தி கற்பூரத்தை இரண்டு கையாலும் ஒற்றிக்கொண்டாள். எந்தக் குறையும் இல்லாமல் பத்து மணி பஸ்ஸைப் பிடித்தோம்.

ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளியில் பெயர்ப்பலகைகள் கன்னடத்துக்கு மாறின. மற்றது எதுவும் மாறவில்லை. அந்தப் பக்கத்து லாரிகளுக்கும் மாலை, அந்தப் பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்.

போட்டி மைதானம் நகரத்துக்கு வெளியே, கேழ்வரகு வயலை ஒட்டி இருந்தது. நடுவில் பளிச்சென்று சுண்ணாம்பு வட்டம். பூசணிக்காய் எதுவும் இல்லை, அதை நான் சுற்றி வந்து உறுதி செய்துகொண்டேன். முதலில் போன அணியின் யந்திரம் பத்தடி பறந்து மூக்குக் குப்புற விழுந்தது. இரண்டாவது அணி முந்தின நாள் போட்ட மாலையைக் கழற்ற மறந்து எஞ்சினைக் கிளப்பியதில், மல்லிகைப்பூ நடுவர்கள் மேல் தூவியது. மூன்றாவது கிளம்பவே இல்லை. மைக்கில் அதே ஆள், அதே ஆறுதல். குமரேசன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

எங்கள் முறை. எறிந்தான். எழும்பியது. கூட்டம் ஆரவாரித்தது. யந்திரம் இடதுபக்கம் வட்டமடித்தது. சுண்ணாம்பு வட்டத்துக்கு மேலேயே போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி வந்தது, மறுபடி போனது. கடன் கொடுத்தவனைத் தெருவில் பார்த்தவன் மாதிரி அந்த வட்டத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தது. முதலில் கைதட்டினார்கள். பிறகு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பிறகு டீ வந்தது. நடுவர்கள் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபோதும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெட்ரோல் தீர்ந்து, சத்தம் நின்று, பக்கத்துக் கேழ்வரகுக்குள் பூப்போல இறங்கியது.

வட்டத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். பரிசு, நேராக வந்து வட்டத்தின் ஓரத்திலாவது பையைப் போட்ட வேறோர் அணிக்கு.

ஜெயந்தி கேழ்வரகுக்குள் உட்கார்ந்து கண்ணைக் கழற்றினாள். கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தாள். விரல் நுனி மைபோலக் கறுப்பு. மோந்து பார்த்தாள்.

"கற்பூரக் கரி" என்றாள். "பொட்டு வைக்கிறாரான்னுதான் பாத்தேன். புகையை யோசிக்கவே இல்லை. நானும்தான் ஒத்திக்கிட்டேன்."

சந்தனத்துக்குப் பயந்து காவல் காத்தோம். கற்பூரத்துக்கு மட்டும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தோற்க முடியும்?

"தானாப் பறந்துச்சு, தானா எறங்குச்சு. சபதம் நிறைவேறிடுச்சு" என்று நான் சட்டம் பேசிப் பார்த்தேன். "பெட்ரோல் தீந்து விழுந்ததுக்குப் பேரு எறங்கறதாடா? வட்டத்தையே பாக்கலையே" என்றான் குமரேசன். குரல் உடைந்திருந்தது. ஒரு வருடமாக அந்தத் தாடியைக் கிண்டல் செய்தவன் நான். அன்றுதான் அதைப் பார்க்க எனக்கே மனசு வலித்தது.

திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கி, பாயிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றாள் ஜெயந்தி. பஸ்ஸிலேயே பேசி வைத்துக்கொண்டோம், கற்பூரத்தைப் பற்றி முனியப்பாவிடம் மூச்சு விடக் கூடாது. அவர் மனசு தாங்காது.

முனியப்பா பட்டறை வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"என்னா ஆச்சு சாமி? ஜெயிச்சுதா?"

நானும் குமரேசனும் தரையைப் பார்த்தோம். ஜெயந்திக்குப் பொய் வராது. கொஞ்சம் யோசித்தாள்.

"வந்த மெஷின்லயே ரொம்ப நேரம் பறந்தது நம்மளுதுதாங்கண்ணா. எறங்கவே மாட்டேன்னு சுத்திச்சு."

முனியப்பாவின் முகம் மலர்ந்தது. பாய் பக்கம் திரும்பி மார்தட்டினார்.

"பாத்தியா பாய்! ரெண்டு கட்டிக் கற்பூரம் சும்மாவா போவும்?"

குமரேசன் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லேத்தின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ஆமாங்கண்ணா, கற்பூரத்தாலதான்! சத்தியமா கற்பூரத்தாலதான்!" முனியப்பா பெருமையோடு அவனைத் தட்டிக்கொடுத்தார். சிரிப்பு அடங்கியதும் குமரேசன் தாடியைக் கையில் பிடித்து ஒரு முறை பார்த்தான். மெஷின் மேல் குற்றமில்லை என்பதே அவனுக்குப் போதும் போலிருந்தது.

"பாய், பக்கத்துல சலூன் எங்கிருக்கு?"

கண்ணாடியில் முந்தின நாள் பூஜைச் சந்தனம் இன்னும் அழியாமல் இருந்த கடை அது. முடிதிருத்துபவர் தாடியைப் பார்த்துக் கத்தியைத் தீட்டியபடி கேட்டார், "வேண்டுதலா தம்பி, இல்ல லவ்வுங்களா?"

"விமானங்க" என்றான் குமரேசன்.

அன்று மாலை சேலம் பஸ்ஸில் எங்கள் இறக்கை மறுபடி மேலே ஏறியது. ஐப்பசியில் நாங்களும் ஊத்தங்கரைக் கல்யாணத்துக்குப் போனோம். குமரேசன் வழுவழு முகத்தோடு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான். பொண்ணு கிண்ணு என்று இழுத்தவர்கள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் அம்மா எங்கள் இலையில் இரண்டாவது முறை பாயசம் ஊற்றியபோது, "இவன் தாடிய எடுக்க வெச்ச அந்த முனியப்பா யாருப்பா? அவருக்கு நான் ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்" என்றார்.

எங்கள் கல்லூரிக்கும் ஓசூருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜைக்கு ஒரு சுண்டலோடு கதை முடிந்துவிடும், அவர்கள் மனசார மெஷினைக் கும்பிடுகிறார்கள். மறு வருடத்திலிருந்து நாங்களும் ஒழுங்காகக் கும்பிட ஆரம்பித்தோம். சுவரில் ஜெயந்தி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியதை அடுத்தடுத்து வந்த அணிகள் காரணம் தெரியாமலே கடைப்பிடித்தன: கற்பூரம் வால் பக்கம் மட்டும் காட்டவும்.